கொழும்பில் போதை மறுவாழ்வு வேலைக்குப் பயிற்சி: தமிழில் எங்கே தொடங்குவது?

வடகொழும்பு வாசி:

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்குளியில் இருக்கிறேன். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். குடியை விட்டுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. விட்ட பிறகு எங்கள் தோட்டத்தில், அதாவது வீடுகள் நெருக்கமாக இருக்கும் எங்கள் குடியிருப்பில், யார் வீட்டில் பிரச்சினை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். முதலில் குடிப்பவர்களின் வீட்டிலிருந்து வந்தார்கள். இப்போது குடு என்கிற ஹெரோயின், ஐஸ் என்கிற போதைப்பொருள், போதைக் குளிசை என்று எல்லாவற்றுக்கும் வருகிறார்கள். போகிறேன், பக்கத்தில் இருக்கிறேன், கதைக்கிறேன், கிளினிக்குக் கூட்டிப் போகிறேன். சிலர் தேறி வேலைக்கும் போகிறார்கள்.

கிட்டடியில் ஒரு தாய் இரவு வந்து கதவைத் தட்டினா. மகன் சாகப் போகிறேன் என்று சொல்கிறானாம். விடியும் வரை அந்தப் பொடியனோடு இருந்து, காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இப்போது நல்லாக இருக்கிறான். ஆனால் அந்த இரவில் எதைக் கேட்க வேணும், எதைக் கேட்கக் கூடாது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. முறையாகப் படிக்க வேணும் என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

நான் ஓ லெவல் வரை தமிழில் படித்தவன். சிங்களம் நல்லாகக் கதைப்பேன், வாசிப்பேன். ஆங்கிலம் மெதுவாக வாசித்து விளங்கிக்கொள்வேன். என்னுடைய கேள்விகள் இவை. உளவளத்துணையாளர், மீட்சிக்கு உதவும் பணியாளர் என்று இரண்டு விதமாகச் சொல்கிறார்களே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நான் குடியிலிருந்து மீண்டவன் என்பதை ஒரு தகுதியாக எடுப்பார்களா? கொழும்பில் எங்கே போய் விசாரிக்கலாம்? சில சனிக்கிழமைகளில் முடித்து "சர்வதேச டிப்ளோமா" தருகிறோம் என்று ஒரு விளம்பரம் வட்ஸ்அப்பில் வந்தது. காசும் கொஞ்சம் பெரிய காசு. அதை நம்பலாமா?

ஆமர்வீதி அக்கா:

தம்பி, நான் கொழும்பில் போதைப் பாவனைக்கான உளவளத்துணையாளராக நீண்ட காலமாக வேலை செய்கிறேன். தமிழில் கதைக்க ஆள் வேணும் என்று எங்களுக்கு வரும் அழைப்புகளுக்குக் கணக்கில்லை. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த இரண்டு வேலைகளையும் சொல்கிறேன். ஒருவர் சிகிச்சை நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருகிறார் என்று வையுங்கள். அவருடைய பாவனை எவ்வளவு கடுமையானது, கூடவே மனச்சோர்வோ வேறு மனநோயோ இருக்கிறதா, திரும்பவும் தொடங்க வைக்கும் சந்தர்ப்பங்கள் எவை என்று மதிப்பிட்டு, அவரோடு சேர்ந்து ஒரு திட்டம் போட்டு, கிழமைக்குக் கிழமை இருந்து கதைத்து, நடந்ததைப் பதிவில் எழுதி, தேவைப்பட்டால் வைத்தியரிடம் அனுப்புவது உளவளத்துணையாளரின் வேலை. அதே மனிதனுக்கு அடையாள அட்டை தொலைந்திருக்கும். பழைய முதலாளி திரும்பச் சேர்க்க மாட்டேன் என்பார். கிளினிக் நாளில் தனியாகப் போகப் பயம். சம்பள நாள் பின்னேரம் சந்தியில் பழைய கூட்டாளிகள் நிற்பார்கள். அந்த இடங்களில் கூட நிற்பவர்தான் மீட்சிக்கு உதவும் பணியாளர். நோய் இன்னதென்று சொல்வதோ, மருந்தைப் பற்றி முடிவெடுப்பதோ அவர் வேலை இல்லை. நீங்கள் இப்போதே செய்துகொண்டிருப்பது இந்த இரண்டாவது வேலையைத்தான். அதை முறையாகப் பயின்று, சம்பளத்தோடு செய்யலாம். பிறகு விரும்பினால் உளவளத்துணைக்குப் போகலாம். அந்த வரிசைதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். எட்ட நின்று படித்து வந்தவர்களுக்கு வராத ஒரு பொறுமை, ஆட்களோடு நடந்து பழகியவர்களுக்கு வருகிறது. நான் பயிற்றுவித்தவர்களில் பலரிடம் அதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கே விசாரிப்பது? இராஜகிரியவில் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. தலங்கம, நிட்டம்புவ, கண்டி, காலி ஆகிய இடங்களில் சிகிச்சை நிலையங்களை நடத்துவதும் அவர்கள்தான். பொரளையிலிருந்து பஸ் எடுத்தால் இராஜகிரியவில் இறங்கலாம். நேரில் போங்கள். போதைத் தடுப்பு, சிகிச்சை சம்பந்தமான பயிற்சி நெறிகள் எப்போது, எந்த மொழியில் என்று கேளுங்கள். தமிழில் வகுப்பு இல்லை என்று சொன்னால் அப்படியே திரும்பி வராதீர்கள். தமிழில் கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கேட்டு எழுதியவர்களின் கடிதங்கள் கோப்பில் சேர்ந்தால்தான் தமிழ் வகுப்புக்கு வழி பிறக்கும்.

கொழும்புத் திட்டம் என்று ஓர் அமைப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1951இல் தொடங்கிய பன்னாட்டு அமைப்பு, தலைமையகம் நம்முடைய ஊரிலேயே. அதன் போதைப்பொருள் ஆலோசனைத் திட்டம் 1973 முதல் நடக்கிறது. பல நாடுகளில் இந்தத் தொழிலுக்குப் பயன்படும் உலகப் பொதுச் சிகிச்சைப் பாடத்திட்டம் அவர்கள் வழியாகப் பரவியதுதான். அதன் அடிப்படைத் தொகுப்பு முதலில் எட்டுப் பாடமாக வந்தது. போதைப்பொருள் மூளையிலும் உடம்பிலும் என்ன செய்கிறது, சிகிச்சையின் தொடர்ச்சி, கூடவே வரும் மனநோய்களும் உடல்நோய்களும், அடிப்படை உளவளத்துணைத் திறன், மதிப்பீடும் பதிவும், ஆளுக்குத் தேவையான உதவிகளை ஒருங்கிணைப்பது, நெருக்கடி நேரத்தில் தலையிடுவது, தொழில் ஒழுக்கம். நீங்கள் அந்த இரவில் தேடியது ஏழாவது பாடத்தில் இருக்கிறது. இந்தப் பாடங்களைப் படித்து, வேலை அனுபவத்தையும் காட்டி, பரீட்சையும் எழுதினால் படிப்படியாகச் சர்வதேச அங்கீகாரம் பெறலாம். மீட்சிக்கு உதவும் வேலைக்கும் மீட்சிப் பயிற்றுநர் என்ற பெயரில் தனி அங்கீகாரம் உண்டு. மூலப் பாடங்கள் ஆங்கிலத்தில். உங்கள் ஆங்கிலம் மெதுவானது என்றால் இப்போதிருந்தே ஒரு சொற்பட்டியல் எழுதத் தொடங்குங்கள்.

பொதுவான உளவளத்துணை டிப்ளோமாவுக்குத் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் கேளுங்கள், சீதுவையில் இருக்கிறது. ஓ லெவலோடு எடுப்பார்களா, ஏ லெவல் கேட்பார்களா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பின் மெல் மெதுர நிலையம் கொழும்பு 7இல் போதைப் பாவனையாளருக்கும் குடும்பத்துக்கும் இலவசமாக உதவுகிறது. இந்த வேலை எப்படி அமைதியாக நடக்கிறது என்று விளங்கிக்கொள்ள அங்கே தொண்டராகச் சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தமிழிலேயே உளவளத்துணையைக் கற்பிப்பதில் யாழ்ப்பாணத்தில் உள்ள சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. சென்னையில் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை, டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று எல்லாரும் சொல்வது, குடிநோய்ச் சிகிச்சையோடு உளவளத்துணையாளர் பயிற்சியையும் நடத்துகிறது.

விளம்பரத்துக்கு வருகிறேன். காசு கட்டுவதற்கு முன் அவர்களிடம் ஒரே ஒரு விசயத்தை விடாமல் கேளுங்கள். நான் ஆட்களோடு இருந்து கதைக்கும்போது என்னை யார் மேற்பார்வை செய்வார்? பெயரைச் சொல்லட்டும், அவருடைய தகுதியைச் சொல்லட்டும், எத்தனை மணித்தியாலம் என்று சொல்லட்டும். இதற்குப் பதில் இல்லாத நெறியில் என்ன பெயரில் சான்றிதழ் தந்தாலும் காசைக் கொடுக்க வேண்டாம். வகுப்பில் கேட்டதெல்லாம் முதல் ஆள் முன்னால் வந்து உட்கார்ந்ததும் மறந்துபோகும். உங்கள் கதையைக் கேட்டு, இந்த இடத்தில் அவர் அழத் தொடங்கியதும் நீங்கள் ஏன் பேச்சை மாற்றினீர்கள் என்று கேட்க ஒருவர் வேணும். தொழில் அங்கேதான் பிடிபடுகிறது.

தமிழில் பயிற்சி ஏன் அவ்வளவு அவசியம் என்று ஒரு உதாரணம். ஊக்கமூட்டும் நேர்காணல் என்று ஒரு முறை, வில்லியம் மில்லர் 1983இல் முதன்முதலாக எழுதினார், பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்தார். ஆளோடு வாதாடாமல், மாற வேணும் என்ற காரணத்தை அவர் வாயாலேயே வரவைப்பது அதன் உயிர். அதை ஆங்கிலத்தில் படித்துவிட்டு நம்முடைய ஆட்களிடம் வந்து "நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டால் முழித்துக்கொண்டு இருப்பார்கள். "குடிக்காத நாளில் வீட்டில் என்ன வித்தியாசம்?" என்று கேளுங்கள். "பிள்ளை கிட்ட வந்து இருக்கும்" என்பார். "விட வேணும் என்ற எண்ணம் பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டு அவர் நாலு என்றால், ஏன் எட்டு இல்லை என்று கேட்கக் கூடாது. "ஏன் இரண்டு என்று சொல்லவில்லை?" என்று கேளுங்கள். அப்போது அவரே தன்னிடமுள்ள காரணங்களைச் சொல்லத் தொடங்குவார். இந்த வசனங்களை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

கணக்கும் தமிழில் தெரிய வேணும். நீங்கள் கணக்குப் பார்ப்பவர், உங்களுக்கு உடனே விளங்கும். குடிப்பழக்கத்தை மதிப்பிட உலக சுகாதார நிறுவனம் தயாரித்த ஓடிட் (AUDIT) என்ற வினாக்கொத்தில் 10 கேள்விகள், மொத்தப் புள்ளி 40. 8 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டிய பாவனை, 20 அல்லது அதற்கு மேல் என்றால் தங்கியிருத்தல், அதாவது குடியில்லாமல் இருக்க முடியாத நிலை, இருக்கிறதா என்று முழுதாகப் பார்க்க வேணும். அதில் ஒரு நியம அளவு என்பது 10 கிராம் தூய மதுசாரம். நம்முடைய ஆள் வந்து "ஒரு கால் போத்தல்தான் அக்கா" என்பார். 180 மில்லி சாராயம், 33 வீதம் என்று எடுத்தால் ஏறக்குறைய 47 கிராம். அதாவது அவர் ஒன்று என்று சொல்வது கிட்டத்தட்ட ஐந்து. கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் என்றால் அதன் வலு போத்தலுக்குப் போத்தல் மாறும், எந்தக் கணக்கும் நிற்காது.

மீண்டவர் என்பது தகுதியா என்ற கேள்வி பெரியது. மற்றவர்களும் எழுதட்டும், பிறகு வருகிறேன்.

இரவுப் பணி:

நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி. அக்கா எழுதியதில் பயிற்சி பற்றி எல்லாம் இருக்கிறது. வார்ட்டிலிருந்து பார்க்கும் எனக்கு, வகுப்பில் சேரும் முன்பே நீங்கள் தெரிந்திருக்க வேண்டிய சில விசயங்கள் உண்டு. இப்போதே ஆட்களிடம் போகிறீர்கள் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது.

நாளாந்தம் கடுமையாகக் குடிப்பவரை ஒரேயடியாக நிறுத்த வைப்பது உயிருக்கு ஆபத்து. கடைசியாகக் குடித்து 6 மணித்தியாலத்திலிருந்தே கை நடுக்கம், வியர்வை, வாந்தி, நித்திரையின்மை தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்கு ஆளை ஆள் தெரியாத குழப்பம், இல்லாததைக் காண்பது, காய்ச்சல், நெஞ்சு படபடப்பு என்று வரும். அது வைத்தியம் இல்லாவிட்டால் ஆளைக் கொன்றுவிடும். முன்னொரு தடவை நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். வந்திருந்தால் வீட்டில் வைத்து நிறுத்த முயலவே கூடாது.

நம்முடைய நாட்டில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் மதுக்கடை பூட்டு. வெசாக் என்றால் இரண்டு நாள் பூட்டு. முதல் நாளே வாங்கி வைக்கக் காசில்லாதவர், விட வேணும் என்று நினைக்காமலே நிறுத்தியவர் ஆகிவிடுகிறார். வீட்டில் "இன்றைக்குக் குடிக்கேல்லை, திருந்திட்டார்" என்று சந்தோசப்படுவார்கள். அன்று இரவும் மறுநாளும் அவருடைய கையைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள். குழப்பமோ வலிப்போ கண்டால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். பிறகு யோசிக்கலாம் என்று இருக்க வேண்டாம்.

ஹெரோயினை நிறுத்தும்போது உடம்பு உளைவு, வயிற்றோட்டம், குளிர் எல்லாம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். மற்றப்படி சுகமான உடம்புள்ளவருக்கு அதுவே உயிரை எடுப்பது அரிது. ஆபத்து அதற்குப் பிறகுதான். நிலையத்திலோ சிறையிலோ இருந்து வெளியே வந்தவருக்கு உடம்பின் பழக்கம் குறைந்திருக்கும். பழைய அளவைத் திரும்ப எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம். வெளியே வரும் அந்த முதல் கிழமைகளில் நீங்கள் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விசயம் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. ஆளுக்குத் தெரியாமல் சோற்றிலோ தேத்தண்ணியிலோ கலந்து கொடுத்துக் குடியை நிறுத்தலாம் என்று தூள், குளிசை விற்கிறார்கள். டைசல்பிராம் என்ற மருந்தை அப்படிக் கொடுத்து, அவர் வெளியே போய்க் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து, சாகவும் கூடும். நிறுத்திய பிறகும் இரண்டு கிழமை வரை அதன் வேகம் உடம்பில் இருக்கலாம். அது வைத்தியர் சொல்லி, ஆள் சம்மதித்து எடுக்கும் மருந்து. எந்தத் தாய் கேட்டாலும், எந்த மனைவி அழுதாலும் ஓம் என்று சொல்லாதீர்கள்.

சாகப் போகிறேன் என்று சொன்ன பிள்ளை பற்றி எழுதினீர்கள். நேராகக் கேட்கலாம். "சாக வேணும் என்று யோசிக்கிறீங்களா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்ட பிறகு தனியாக விடக் கூடாது, கயிறு, மருந்து, கிருமிநாசினி எல்லாவற்றையும் எட்டாமல் எடுத்து வைக்க வேணும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவும் பகலும் இருக்கிறது. விடியும் வரை கூட இருந்தீர்கள் என்றால் செய்ய வேண்டியதில் பெரும்பங்கைச் செய்திருக்கிறீர்கள்.

பன்னிரண்டு படி:

சகோதரம், நான் குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போகிறவன். 1935இல் அமெரிக்காவில் ஒரு குடிகாரன் இன்னொரு குடிகாரனோடு கதைத்ததிலிருந்துதான் அது தொடங்கியது. சான்றிதழ் வைத்திருந்தவர்கள் கைவிட்டவர்களை அனுபவம் உள்ளவர்கள் தூக்கி எடுத்தார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. இரண்டு உளவளத்துணையாளரிடம் போனேன். இருவரும் நல்ல மனிதர்கள். ஆனால் விடிகாலை நாலு மணிக்குக் கை நடுங்க, கடை திறக்கும் வரை காத்திருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. அதைத் தெரிந்த ஒருவர் கதைத்தபோதுதான் நான் கேட்டேன். படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படித்த பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். உங்கள் அனுபவத்துக்கு மேல் ஒரு டிப்ளோமாவை வைக்காதீர்கள்.

வத்தளை அம்மா:

இங்க யாரும் வீட்டுக்காரங்களப் பத்தி எழுதல்ல, அதுதான் நான் எழுதுறேன். என் வீட்டுக்காரரு ரெண்டு தடவ நெலையத்துல இருந்தாரு. மூணாவது தடவ போனப்பதான் நிண்டுச்சு. முதல் ரெண்டு தடவையும் அவரக் கூப்பிட்டுக் கதைச்சாங்க, மருந்து குடுத்தாங்க, எங்கிட்ட ஒரு படிவத்துல கையெழுத்து வாங்கினாங்க. அது சிங்களத்துல இருந்திச்சு. என்னன்னு கேக்கப் பயம். எங்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல்ல. அவரு வீட்டுக்கு வந்தாரு, நான் பழைய மாதிரியே பைய சோதிச்சேன், வாயை மணந்து பாத்தேன், சம்பளத்தப் பறிச்சு வச்சேன். அவருக்குக் கோவம் வந்திச்சு. மறுபடி போனாரு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழம கூட்டிட்டுப் போய் சத்தியம் பண்ண வச்சேன். ஒரு மாசம் நிண்டுச்சு.

மூணாவது எடத்துல ஒரு தமிழ்ப் பொண்ணு இருந்தா, சின்னப் பொண்ணு. அவ எங்கிட்டதான் முதல்ல கதைச்சா. "அம்மா, நீங்க கடைசியா எப்ப நல்லாத் தூங்கினீங்க?" அப்படின்னு கேட்டா. அன்னைக்கு நான் அழுத அழுக. அதுக்குப் பிறகு அவ சொல்லித் தந்தா, அவரு குடிச்சா அது என் குத்தம் இல்லன்னு, அவரு கடனுக்கு நான் நகைய வச்சு மூடக் கூடாதுன்னு, குடிச்சிட்டு வந்த நேரத்துல எதையும் கதைக்கக் கூடாதுன்னு, காலையில நிதானமா இருக்கும்போது கதைக்கணும்னு. அவரு மாறினதுல பாதி அந்தப் பொண்ணு எங்கிட்ட கதைச்சதாலதான். தம்பி, நீங்க எந்தப் படிப்புப் படிச்சாலும் குடும்பத்தோட எப்படிக் கதைக்கிறதுன்னு அதுல இருக்கான்னு பாருங்க. எங்க பாஷைல கதைங்க.

வடகொழும்பு வாசி:

எல்லாருக்கும் நன்றி. வத்தளை அம்மா எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவ ஒன்றும் சொல்லவில்லை, திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொன்னா.

விளம்பரம் கொடுத்த இடத்துக்கு அடித்து, யார் மேற்பார்வை என்று கேட்டேன். "நாங்கள் நோட்ஸ் தருவோம்" என்றார்கள். அது அவ்வளவுதான்.

அக்கா, இரண்டு கேள்வி மிச்சம். ஒன்று, நீங்கள் பிறகு சொல்கிறேன் என்ற மீண்டவர் விசயம். மற்றது, எங்கள் தோட்டத்தில் சுவருக்குச் சுவர் வீடு. ஒருவர் என்னோடு கதைக்க வந்தாலே மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தவர்களுக்கே இந்த வேலையைச் செய்யலாமா?

ஆமர்வீதி அக்கா:

பன்னிரண்டு படி சொன்னதை நான் மறுக்கவில்லை. அவர் சொல்லும் நாலு மணி நடுக்கத்தைத் தெரிந்தவருக்கு ஆட்கள் கதவைத் திறக்கிறார்கள். ஆனால் உங்கள் வழி ஒன்று, முன்னால் இருப்பவரின் வழி வேறு. உங்களைக் கூட்டமும் சாமியும் காப்பாற்றியிருக்கலாம். அவருக்கு மருந்து தேவைப்படலாம். ஐஸ் பாவிக்கும் இருபது வயதுப் பிள்ளைக்கு உங்கள் சாராயக் கதை ஒட்டவே ஒட்டாது. "நான் விட்டேன், நீ ஏன் விட மாட்டாய்" என்று ஒருநாளும் வாய் தவறியும் வரக் கூடாது. உங்கள் கதையைச் சொல்வதற்கு முன், இது யாருக்கு உதவப் போகிறது, அவருக்கா எனக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியில் இதற்கே தனியாக நேரம் ஒதுக்குவார்கள்.

கூட்டத்தில் வழிகாட்டியாக இருப்பது காசில்லாத உறவு. மீட்சிப் பணியாளர் தொழில் செய்பவர், பதிவு எழுத வேணும், மேற்பார்வையாளருக்குப் பதில் சொல்ல வேணும். ஒரே ஆளுக்கு இரண்டுமாக இருக்காதீர்கள். உங்களுடைய சொந்தக் கூட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். மற்றவர்களைத் தாங்குவதில் மூழ்கித் தன்னைப் பார்க்க நேரமில்லாமல் போய்த் திரும்பக் குடித்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் எல்லாரும் நல்ல மனம் உள்ளவர்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மீண்டவர்களைச் சாப்பாடும் படுக்கையும் மட்டும் கொடுத்து, சம்பளமில்லாமல் இரவும் பகலும் காவலுக்கு வைத்திருக்கும் நிலையங்கள் இருக்கின்றன. சேவை என்று சொல்வார்கள். நியமனக் கடிதமும் வேலை நேரமும் சம்பளமும் எழுத்தில் இல்லாத இடத்தில் சேராதீர்கள். போதைக்குத் தங்கியிருப்பவர்களுக்கான சிகிச்சை, மறுவாழ்வு பற்றிய 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டப்படி சிகிச்சை நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் வேணும். அதையும் கேட்டுப் பாருங்கள். ஆட்களை அடிக்கும், கட்டிவைக்கும் இடம் என்று தெரிந்தால் ஒரு நாளும் அங்கே நிற்க வேண்டாம்.

தெரிந்தவர்கள் விசயம். சொந்தக்காரர், உங்களுக்குக் கடன் தர வேண்டியவர், நீங்கள் கடன் தர வேண்டியவர், முன்பு சேர்ந்து குடித்த கூட்டாளி, இவர்களை வேறு பணியாளரிடம் அனுப்பிவிடுங்கள். மற்ற அயலவர்களோடு முதல் நாளே ஒப்பந்தம் பேசிக்கொள்ளலாம். நான் எப்போதும் கேட்பது இது: "சந்தியில் கண்டால் நான் கதைக்கட்டுமா, பார்க்காத மாதிரிப் போகட்டுமா?" அவர் எதைச் சொல்கிறாரோ அதைச் செய்வேன். சந்திப்பை உங்கள் வீட்டில் வைக்காதீர்கள். கோயில் மண்டபமோ வாசிகசாலையோ பத்துப் பேர் வந்து போகும் வேறு இடமோ பாருங்கள். யார் வந்தார், என்ன சொன்னார் என்று அவருடைய மனைவி கேட்டாலும் அவர் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்ற நேரம் மட்டும் இரகசியத்தை மீற வேண்டிவரும். அதையும் முதல் நாளே அவரிடம் சொல்லிவிட வேணும், பிறகு சொன்னால் துரோகமாகப் படும். பதிவுக் கொப்பியில் முழுப் பெயர் எழுதாதீர்கள், பூட்டி வையுங்கள்.

வத்தளை அம்மாவுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். குடும்பத்தோடு கதைக்கும் பகுதியை நானும் விட்டுவிட்டுத்தான் எழுதியிருந்தேன், நீங்கள் சொன்னதுதான் சரி. மனைவியிடமும் தாயிடமும் தனியாகக் கதைக்கும் பயிற்சி இல்லாத நெறி பாதி நெறிதான்.

தம்பி, வேலை நாள் ஒன்றில் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு இராஜகிரியவுக்குப் போங்கள். ஓ லெவல் சான்றிதழ், அடையாள அட்டை இரண்டின் பிரதியும், நீங்கள் இதுவரை செய்த உதவி பற்றிக் கோயிலிலோ சங்கத்திலோ ஒருவர் எழுதிய கடிதமும் கொண்டு போங்கள். அந்தக் கடிதத்தில் நீங்கள் உதவி செய்தவர்களின் பெயர் இருக்கக் கூடாது. போய் வந்து என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள். இதே கேள்வியோடு இன்னும் இரண்டு பேர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார்கள், அவர்களும் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். மூன்று பேர் சேர்ந்தால் தமிழ் வகுப்புக் கேட்கும் கடிதத்தை ஒன்றாகவே கொடுக்கலாம், எழுத நான் உதவுகிறேன்.